தாத்தாவின் பழைய ஸ்பின்னிங் ரீல்: ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் பழைய வீடுகளை பில்டரிடம் கொடுத்து அடுக்குமாடியாக மாற்றுவது இப்போது தெருவுக்குத் தெரு நடக்கிறது. பரணைக் காலி செய்யும்போது பித்தளை அண்டா, வால்வு ரேடியோ, பழைய ஆல்பங்களோடு சில வீடுகளில் இன்னொரு பொருளும் வெளியே வரும். செய்தித்தாளில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்த கனமான மீன்பிடி ரீல். ஒரு பக்கம் மடக்குக் கைப்பிடி, முன்னால் வளைந்த கம்பி, ஸ்பூலில் மஞ்சளாகிப்போன தங்கூஸ் நரம்பு. "தாத்தா ஞாயித்துக்கிழமை ஆனா முகத்துவாரத்துக்குப் போயிடுவார்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள்.

அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கையில் எடுத்தவர் கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். இறுக்கமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுற்றுவார். அப்புறம் வீட்டில் இருக்கும் ஏதோ ஒரு ஸ்க்ரூடிரைவர் வரும், ஸ்ப்ரே வரும். ஐம்பது ஆண்டு தாங்கிய ரீல் பத்து நிமிஷத்தில் கெட்டுப்போவது இப்படித்தான்.

பழைய ரீல்களில் பெரும்பாலான சேதம் மீன் இழுத்ததால் வந்தது இல்லை, பழுது பார்க்கிறேன் என்று திறந்ததால் வந்தது. தேய்ந்த ஸ்க்ரூ தலை, காணாமல்போன ஸ்பிரிங், நெம்பியதில் பிளந்த மூடி எல்லாமே இந்த வகை. பொறுமையாகச் செய்தால் வீட்டு மேசையிலேயே முடிக்கக்கூடிய வேலை இது. ஆனால் எதைச் செய்யக்கூடாது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரு கடிகாரம்

ஸ்பின்னிங் ரீலின் அடிப்படை யோசனை நெசவாலையில் இருந்து வந்தது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி ஆலை நடத்திய ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தையல் கடையில் கோன் நூலைப் பார்த்திருப்பீர்கள். கோன் சுற்றாது, நூல் மட்டும் அதன் முனை வழியாக உருவிக்கொண்டு போகும். ஸ்பின்னிங் ரீலும் அப்படித்தான். வீசும்போது ஸ்பூல் அசையாமல் நிற்கும், நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி உருவிக்கொண்டு பறக்கும். அதனால்தான் லேசான தூண்டிலையும் தூரமாக வீச முடிகிறது.

திரும்பச் சுற்றும்போதுதான் உள்ளே வேலை தொடங்கும். கைப்பிடி ஒரு பெரிய கியரைச் சுழற்ற, அது பினியன் எனும் சிறிய கியரைச் சுழற்ற, அதோடு சேர்ந்து ரோட்டர் ஸ்பூலைச் சுற்றி ஓடும். ரோட்டரில் இருக்கும் வளைந்த கம்பிதான் பெயில். நரம்பை எடுத்து ஸ்பூலில் போடுவது அது. நரம்பு ஒரே இடத்தில் குவியாமல் இருக்க ஸ்பூல் மேலும் கீழும் போய்வர ஒரு தனி ஏற்பாடு. பின்பக்கம் சுற்றாமல் தடுக்க ஒரு சின்னக் கொக்கி, அதற்கு ஒரு ஸ்பிரிங். பெரிய மீன் இழுத்தால் நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க, ஸ்பூலுக்குள் வாஷர்களை அடுக்கி வைத்த 'டிராக்'.

இவ்வளவும் ஒரு கைப்பிடி அளவு உலோகக் கூட்டுக்குள் இருக்கின்றன. இதைச் செய்தவர்களில் சிலர் உண்மையிலேயே கடிகாரக்காரர்கள். 1940களின் இறுதியில் வந்து, பிறகு 'மிட்செல் 300' என்று உலகம் முழுவதும் பேர் வாங்கிய ரீலைத் தயாரித்த 'கார்பனோ அண்ட் போன்ஸ்' நிறுவனம் இருந்தது பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில், க்ளூஸ் என்ற ஊரில். 1848-லேயே கடிகாரத் தொழில் கற்றுத்தரும் பள்ளி தொடங்கப்பட்ட ஊர் அது. ஸ்வீடனின் 'ஆபு' இன்னும் நேரடி உதாரணம். அந்தப் பெயரே கடிகாரத் தொழிற்சாலை என்று பொருள்படும் ஸ்வீடிஷ் சொல்லின் சுருக்கம். 1921-ல் தொடங்கி, பாக்கெட் கடிகாரமும் டாக்ஸி மீட்டரும் செய்துகொண்டிருந்த நிறுவனம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் ரீல் பக்கம் திரும்பியது. அமெரிக்காவின் 'பென்' மட்டும் வேறு ரகம். 1932-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய அந்த நிறுவனம் கடலுக்கென்றே முரட்டு ரீல்கள் செய்தது. 1960களில் வந்த அதன் 'ஸ்பின்ஃபிஷர்' இன்றும் பலர் கையில் ஓடுகிறது.

தூண்டில் பொழுதுபோக்குக்கு மெட்ராஸோடு பழைய உறவும் உண்டு. மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரியான ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதிய 'தி ராட் இன் இந்தியா' 1873-ல் மங்களூரில் அச்சானது. அவர் காலத்தில் ஸ்பின்னிங் ரீல் கிடையாது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த பல ஆண்டுகள் இப்படிப்பட்ட பொருள் ஒரு வீட்டுக்கு வந்தது என்றால், கப்பலில் வேலை பார்த்த மாமாவோ, சிங்கப்பூரில் இருந்து வந்த சித்தப்பாவோ கொண்டு வந்திருக்கலாம். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியதாகவும் இருக்கலாம். எப்படி வந்ததோ, அதற்கான ஸ்பேர் அன்றும் இங்கே சுலபமாகக் கிடைக்கவில்லை, இன்றும் கிடைக்காது. ஒரு ஸ்பிரிங் தொலைந்தால் ரீல் ஷோகேஸ் பொம்மைதான்.

உப்பு ஜாடி ஏன் ஈரமாகிறது?

"இது தண்ணியே பட்டதில்ல, பரண்லதான் இருந்துது" என்பார்கள். சென்னையில் அந்தச் சமாதானம் செல்லாது. சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றில் இருந்தே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசகசப்பது இதனால்தான். கடற்கரையில் ஒருமுறை பயன்படுத்திய ரீலின் இடுக்குகளில் உப்புத்தூள் தங்கியிருந்தால், பெசன்ட் நகரிலும் மயிலாப்பூரிலும் அது ஒவ்வொரு விடியற்காலையும் ஈரமாகிக் காய்ந்து, மறுபடி ஈரமாகிக்கொண்டே இருந்திருக்கும். பரணில் இருந்தபடியே ரீல் பல ஆண்டுகள் உப்புத் தண்ணீரில் இருந்ததற்குச் சமம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கூடு அலுமினியம், ஸ்க்ரூ எஃகு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் இருந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. அலுமினியம்தான் அரிக்கப்படும். ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளையாகப் பூத்த பொடி தெரிந்தால் காரணம் இதுதான். அந்த ஸ்க்ரூ சுலபத்தில் வராது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகளில் தரைத்தளம் மூழ்கியது நினைவிருக்கும். அந்தத் தண்ணீரில் கிடந்து, பிறகு துடைத்து வைக்கப்பட்ட ரீல் என்றால் கைப்பிடியைத் தொடவே வேண்டாம். உள்ளே போன வண்டல் காய்ந்து கிரீஸோடு சேர்ந்திருக்கும். சுற்றினால் கியர் பல்லுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரி.

முழுசாகத் திறக்க வேண்டுமா?

எல்லா ரீலையும் பிரித்து மேய வேண்டியதில்லை. ஸ்பூலைக் கழற்றி, பெயிலை மெதுவாக மடக்கிப் பாருங்கள். கைப்பிடியை அழுத்தம் கொடுக்காமல், விரல் நுனியால் கால் சுற்று நகர்த்துங்கள். கரகரப்பு இல்லாமல் நகர்ந்தால், வெளியே துடைத்து, சுழலும் இடங்களில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு நிறுத்திக்கொள்ளலாம். சில பழைய ரீல்களின் பக்கவாட்டில் எண்ணெய் விடுவதற்கென்றே சிறு துளை இருக்கும். ஷோகேஸில் வைக்க மட்டும்தான் என்றால் அதோடு போதும்.

தேன் மாதிரி இழுத்து இழுத்துச் சுற்றினால் கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கிறது. கரகரத்தால் மணலோ துருவோ. 'டக் டக்' என்று ஒரே இடத்தில் தட்டினால் கியர் பல்லில் கோளாறு. இந்த மூன்றில் எது இருந்தாலும் திறந்தாக வேண்டும்.

ஸ்பூலில் இருக்கும் பழைய நரம்பு எப்படியும் பயன்படாது. ஆண்டுக்கணக்கில் சுருண்டு கிடந்த நைலான் மொறுமொறுப்பாகி, லேசாக இழுத்தாலே அறுந்துவிடும். ஆனால் அதைக் கத்தியால் ஒரே கீறாகக் கீறி எடுக்க நினைக்காதீர்கள். ஸ்பூலில் விழும் கீறல் அடுத்த நரம்பை அறுக்கும். கையால் உருவுங்கள், நேரம் ஆகட்டும். கடைசிச் சுற்றில், ஸ்பூலின் அடியில் ஒரு முடிச்சு வரும். தாத்தா கையால் போட்ட முடிச்சு. அதை வெட்டுவதா வேண்டாமா என்பதில் ஆலோசனை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவசரத்தில் வெட்டிவிட்டுப் பிறகு வருத்தப்படுவதைவிட ஒரு போட்டோவாவது எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்க்ரூடிரைவர்தான் முதல் எதிரி

ரங்கநாதன் தெரு பிளாட்ஃபார்மில் செட்டாகக் கிடைக்கும் ஸ்க்ரூடிரைவர்கள் ஸ்விட்ச் போர்டுக்குச் சரி. அவற்றின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். பழைய ரீலின் ஸ்க்ரூவில் இருப்பது நேரான சுவருள்ள மெல்லிய பள்ளம். ஆப்பு அதில் மேல் விளிம்பில் மட்டும்தான் உட்காரும். அழுத்தித் திருகும்போது வழுக்கி வெளியே ஏறி, பள்ளத்தின் ஓரத்தைப் பிய்க்கும். அதே வேகத்தில் பெயிண்டிலும் ஒரு கோடு போடும். முனை பள்ளத்தின் அடிவரை இறங்க வேண்டும், அகலம் ஸ்க்ரூ தலை அளவுக்கு இருக்க வேண்டும், ஆடக்கூடாது. கடிகாரக் கடைக்காரரிடம் ரீலைக் காட்டிக் கேட்டால் எந்த முனை பொருந்தும் என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவார்.

ஜப்பான் ரீல் என்றால் இன்னொரு விஷயம். அதன் கூட்டல் குறி ஸ்க்ரூ, பார்க்க சாதாரண ஃபிலிப்ஸ் மாதிரியே இருந்தாலும் ஜப்பான் அளவுமுறையில் செய்யப்பட்டது. ஃபிலிப்ஸ் முனை அதில் முழுசாக இறங்காது. ஜப்பான் அளவு பிட் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரீலோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

வர மறுக்கும் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டாதீர்கள். இறுகிய போல்ட்டைத் தளர்த்தும் எண்ணெயை ஒரு சொட்டு தலையைச் சுற்றி விட்டு, இரவு முழுக்க வையுங்கள். மறுநாளும் அசையாவிட்டால் ஹேர் டிரையரால் சூடு காட்டலாம். சூட்டில் அலுமினியம் எஃகைவிட சுமார் இரண்டு மடங்கு விரியும். அந்த முடியளவு வித்தியாசமே பிடியைத் தளர்த்தும். பிளாஸ்டிக் கூடு என்றால் இந்த வேலை வேண்டாம். திருகும்போது பத்தில் எட்டுப் பங்கு பலம் கீழே அழுத்துவதற்கு, இரண்டு பங்குதான் திருப்புவதற்கு.

இறுக்கமாக இருக்கும் எல்லாமே துருப்பிடித்தவை இல்லை. சில ரீல்களில் கைப்பிடியோ ரோட்டர் நட்டோ எதிர்த்திசையில் கழலும். வழக்கமான திசையில் வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல், ஒரு நிமிஷம் நிறுத்தி, அந்த மாடலின் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். மிட்செல், பென் ரீல்களுக்கு பாக எண்களோடு கூடிய வரைபடங்கள் அன்றே அச்சிட்டு வந்தன. இன்னொரு குழப்பமும் உண்டு. மிட்செல் 300-ன் கைப்பிடி இடது பக்கம் இருக்கும். யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக் கழற்ற வேண்டாம், அதன் அமைப்பே அப்படி. வலது கையால் சுற்ற வேண்டுமென்றால் அதற்குத் தனி மாடல்.

திறக்கும் நேரம்

வெள்ளை வேட்டியோ பழைய டவலோ விரித்து, அதன் மேல்தான் வேலை. டைல்ஸ் தரைக்கு மேலே வைத்து எதையும் கழற்றக் கூடாது. உருண்டு போகும் பாகம் எப்போதும் பீரோவுக்கு அடியில்தான் போகும். பாகங்களை வைக்க இட்லித் தட்டு அருமையான சாமான். முதலில் கழன்றது முதல் குழியில், அடுத்தது அடுத்த குழியில். வேலை முடிந்த பிறகு அதில் இட்லி அவிக்க முடியாது என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி, மேலிருந்து வீடியோ ஓட விடுங்கள். இது அலங்காரத்துக்கு இல்லை. வாஷரின் எந்தப் பக்கம் மேலே இருந்தது, ஸ்பிரிங்கின் கால் எந்தத் துளையில் செருகியிருந்தது என்பது மறுநாள் நினைவில் இருக்காது. சில ரீல்களில் கியர்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தைக் காட்டப் புள்ளிகள் இருக்கும். கியரைத் தூக்குவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு குளோசப் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடியின் ஸ்க்ரூக்கள் வந்த பிறகும் மூடி வராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த கிரீஸ் பசை மாதிரி பிடித்திருக்கும். அப்போது இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பத்தான் கை போகும், போகக் கூடாது. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியாலோ மரக் கரண்டியாலோ ஓரங்களில் லேசாகத் தட்டினால் விட்டுக்கொடுக்கும்.

அடுத்து இரண்டு ஆபத்துகள். ஒன்று, ஸ்பிரிங். பெயில் ஸ்பிரிங் முறுக்கி வைக்கப்பட்ட நிலையில் உட்கார்ந்திருக்கும். மூடி ஸ்க்ரூ கழன்ற கணத்தில் பறக்கும். அந்த ஒரு வேலையை மட்டும் பெரிய டிரான்ஸ்பரன்ட் பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுச் செய்யுங்கள். பறந்தாலும் கவருக்குள்தான் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொள்வதும் நல்லது. பெயில் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால் அதைக் கழற்றவே வேண்டாம்.

இரண்டாவது, ஷிம். கியருக்குப் பின்னால், காகிதம் போல மெல்லிசான உலோக வளையம் ஒன்றோ இரண்டோ இருக்கும். கியர் பற்கள் அதிகம் நெருங்காமலும் விலகாமலும் சேர இடைவெளியை நிர்ணயிப்பது அதுதான். பழைய கிரீஸில் கியரோடு ஒட்டிக்கொண்டு தனியாகத் தெரியவே தெரியாது. கியரை அப்படியே மண்ணெண்ணெயில் போட்டால் ஷிம் கழன்று அடியில் தங்கி, அழுக்குத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். மூடிய பிறகு "முன்னாடி இருந்ததைவிட மோசமா கரகரங்குதே" என்று புலம்ப வேண்டியதுதான். எந்தப் பாகத்தையும் ஊற வைப்பதற்கு முன் முதுகுப் பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், எத்தனை ஷிம் என்று எழுதி வையுங்கள், ஊற வைத்த திரவத்தை வடிகட்டாமல் ஊற்றாதீர்கள்.

டிராக் வாஷர்களிலும் வரிசைதான் முக்கியம். காது வைத்தது, நடுத்துளை தட்டையானது, உராயும் வாஷர் என்று மாறி மாறி இருக்கும். ஒரு மெல்லிய கம்பியில் பூக் கோர்ப்பது போல வரிசையாகக் கோர்த்து, கம்பியின் முனையை வளைத்து வைத்துவிட்டால் குழப்பமே வராது. உராயும் வாஷர் கம்பளித் துணி மாதிரியோ தோல் மாதிரியோ இருந்தால் அதை மண்ணெண்ணெயில் முக்க வேண்டாம். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

புளி வேண்டாம், விபூதி வேண்டாம்

பித்தளை என்றதும் தமிழ் வீட்டில் புளி வந்துவிடும். குத்துவிளக்குக்கு அது சரி. ரீலில் பித்தளைக்குப் பக்கத்திலேயே அலுமினியமும் எஃகும் இருக்கின்றன. இடுக்கில் தங்கும் புளியின் அமிலம் அங்கே துருவை வளர்க்கும். எலுமிச்சை, வினிகருக்கும் இதே பதில்தான். பாத்திரம் பளபளக்கும் பொடியும் விபூதியும் தேய்த்துத்தான் மினுக்கும். கியர் பல்லைத் தேய்ப்பது நம் நோக்கம் இல்லை. சலவை சோடா கரைசல் அலுமினியத்தையே தின்னும். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும்.

உலோகப் பாகங்களுக்கு மண்ணெண்ணெய் போதும். கிடைக்காவிட்டால் பெயிண்ட் கடை டர்ப்பன்டைன். பழைய டூத் பிரஷ், பல்குத்தும் குச்சி, ஒரு கிண்ணம். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பில் இருந்து தள்ளி உட்கார்ந்து செய்ய வேண்டும். பெட்ரோல் கூடவே கூடாது. பெயிண்ட் அடித்த கூட்டை உள்பக்கம் மட்டும் சுத்தம் செய்து, வெளிப்பக்கத்தைப் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். தேய்ந்த பெயிண்ட் அப்படியே இருக்கட்டும். பழம்பொருள் சேகரிப்பவர்கள் புதுப் பெயிண்ட்டைவிடத் தேய்ந்த அசலைத்தான் மதிப்பார்கள். விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், தாத்தாவின் கட்டைவிரல் தேய்த்த இடத்தை ஸ்ப்ரே பெயிண்ட்டால் மூடுவதில் என்ன இருக்கிறது?

எண்ணெயா, கிரீஸா, ஸ்ப்ரேயா?

டபிள்யூடி-40 இல்லாத பேச்சிலர் வீடே இல்லை என்றாகிவிட்டது. அதன் பெயரிலேயே பயன் இருக்கிறது. ஈரத்தை வெளியேற்ற, 1953-ல் கலிஃபோர்னியாவில் உருவான கலவை அது. நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் 40. அட்லஸ் ஏவுகணையின் உலோகத் தோலைத் துருவில் இருந்து காப்பதுதான் அதன் முதல் வேலை. நனைந்த உலோகத்துக்கு நல்லது, லேசாகச் சிக்கிய ஸ்க்ரூவுக்கும் பரவாயில்லை. ஆனால் கியருக்குள் அடித்தால் இருக்கிற கிரீஸையும் கரைத்து ஓட விட்டு, பிறகு தானும் பெரும்பாலும் ஆவியாகிவிடும். மிச்சம் இருக்கும் மெல்லிய படலம் கியரின் பாரத்தைத் தாங்காது. சுற்றும்போது முதல் இரண்டு நாள் வெண்ணெய் மாதிரி இருக்கும், அதுதான் ஏமாற்று.

சமையல் எண்ணெய்களும் வேண்டாம். நல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். ஏசியை 22-ல் வைத்துத் தூங்குகிறவர் வீட்டில் ரீலும் உறைந்துதான் கிடக்கும்.

கியர் பல்லுக்கு கிரீஸ், வேகமாகச் சுழலும் மெல்லிய அச்சுகளுக்கு எண்ணெய். இதுதான் விதி. தண்ணீருக்குத் தாங்கும் மென்மையான கிரீஸை டூத் பிரஷ் நுனியால் பல்லில் மட்டும் பூச வேண்டும். பல்லின் வடிவம் மறையாமல் தெரிகிற அளவு. பிதுக்கிப் பிதுக்கிக் கூட்டை நிரப்பினால் கைப்பிடி கனக்கும், அதிகப்படி கிரீஸ் பின்சுற்றுத் தடுப்புக் கொக்கியில் ஒட்டி அதை எழவிடாமல் செய்யும். எண்ணெய்க்குத் தையல் மெஷின் எண்ணெயே நன்றாக வேலை செய்யும். பால்ரஸ் இருந்தால் அதற்கு ஒன்றிரண்டு சொட்டு, கைப்பிடிக் குமிழின் அச்சுக்கு ஒன்று, ஸ்பூல் ஏறி இறங்கும் நடுத்தண்டுக்கு ஒன்று. எல்லோரும் மறக்கும் இடம் பெயிலின் ஓரத்தில் இருக்கும் லைன் ரோலர். நரம்பு வளைந்து ஓடும் இடம் அது. பல ரீல்களில் தானே சுழலும்படி செய்திருப்பார்கள். அது இறுகி நின்றுவிட்டால் நரம்பு ஒரே இடத்தில் உரசி உரசி உலோகத்திலேயே பள்ளம் விழும். பஞ்சை எடுத்து ரோலர் மீதும் ஸ்பூலின் விளிம்பு மீதும் தடவிப் பாருங்கள். பஞ்சு எங்காவது மாட்டினால், நரம்பும் அங்கேதான் அறுபடப் போகிறது.

மூடும்போது, மூடிய பிறகு

அலுமினியத்தில் இருக்கும் மரை மென்மையானது. ஸ்க்ரூவை வைத்ததும் முறுக்காமல், முதலில் பின்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் 'டிக்' என்று லேசாகக் கீழே இறங்கும். மரையும் மரையும் சேர்ந்த இடம் அது. அங்கிருந்து முன்பக்கம் முறுக்கினால் பழைய தடத்திலேயே போகும். இல்லாவிட்டால் ஸ்க்ரூ புதிதாக ஒரு தடம் வெட்டும், இரண்டு முறை அப்படி ஆனால் மரை போய்விடும். முறுக்குவதும் விரல் பலத்தில் நிற்குமளவுக்குத்தான். முழுதாக மூடுவதற்கு முன் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கவும், இட்லித் தட்டில் எதுவும் மிச்சமில்லை என்று பார்க்கவும் மறக்க வேண்டாம். மிச்சம் இருந்தால் "எக்ஸ்ட்ரா கொடுத்திருப்பாங்க" என்று மனதைத் தேற்றிக்கொள்ளக் கூடாது, வீடியோவைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஏதாவது ஒரு பாகம் உடைந்தே போயிருந்தால்? வெறும் வாஷரோ ஸ்பேசரோ என்றால் லேத் பட்டறையில் மாதிரி கொடுத்துச் செய்து வாங்க முடியும். கியர் பல் போயிருந்தால் அது கட்டுப்படியாகாது. அதே மாடலில் ஓடாத ரீல் ஒன்றைத் தேடி வாங்கி, இரண்டில் இருந்து ஒன்றைத் தேற்றுவதுதான் உலகம் முழுக்க இருக்கும் வழி. உடைந்த பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மாதிரிக்கு அதுதான் ஆதாரம்.

டிராக் சரியாக விட்டுக்கொடுக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் பாட்டில் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கில் இருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் வழுக்கத் தொடங்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஐந்து கிலோ தாங்கும் நரம்பு என்றால் ஒன்றேகாலில் இருந்து ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல்வரை. ஒரு லிட்டர் பாட்டிலையும் அரை லிட்டர் பாட்டிலையும் சேர்த்து நரம்பில் கட்டித் தூக்கிப் பாருங்கள். விட்டு விட்டு, வெட்டி வெட்டி இறங்காமல், ஒரே சீராக இறங்க வேண்டும். வெட்டினால் டிராக் வாஷரில் அழுக்கு இருக்கிறது, அல்லது வரிசை மாறியிருக்கிறது.

முதல் வீச்சுக்கு மொட்டை மாடியே போதும். தூண்டில் முள்ளுக்குப் பதில் ரப்பர் துண்டு கட்டிக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்து வீசுங்கள். கபாலீஸ்வரர் தெப்பக்குளம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அது அதற்கான இடமில்லை. அடையாறு முகத்துவாரத்தில் மாலை நேரம் தூண்டிலோடு நிற்பவர்களை உடைந்த பாலத்தின் பக்கம் பார்க்கலாம். அந்தப் பாலம் கட்டியது 1967-ல், ஒரு பகுதி இடிந்து விழுந்தது 1977-ல். தாத்தா முழுப் பாலத்தில் நின்று வீசியவராகக்கூட இருக்கலாம்.

கடலுக்குக் கொண்டு போனால், அன்று இரவே ரீலைக் குழாயடியில் கழுவ வேண்டும். கழுவும்போது டிராக்கை நன்றாக முறுக்கி வைத்தால் தண்ணீர் வாஷர்களுக்குள் போகாது. பூவாளியில் விழுவது மாதிரி மெல்லிய தண்ணீர்தான் வேண்டும். பைக் கழுவும் பிரஷரில் அடித்தால் வெளியே இருக்கும் உப்பை நாமே உள்ளே தள்ளுகிறோம். வாளியில் முக்கவும் கூடாது. துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு ராத்திரி உலர வைத்து, லைன் ரோலருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டிராக்கை முழுசாகத் தளர்த்திவிட்டு அலமாரியில் வையுங்கள். தளர்த்தாமல் வைத்தால் வாஷர்கள் நசுங்கியே கிடந்து ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே அடைந்துவிடும். பருத்தித் துணிப் பை நல்லது. பழைய பிஸ்கட் டின்னிலேயே வைக்க ஆசை என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மூடியை மட்டும் கொஞ்சம் திறந்து வைக்கலாம்.